பலகைப்பாறையில் பன்னிரண்டு ஜோடி

செருப்புகளை எண்ணும்போது பிரேமா குனிவதில்லை. காலாலேயே எண்ணுவாள். வலது கால் பெருவிரலால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தட்டு, தட்டியதும் நாங்கள் அதன்மேல் ஒரு கல் வைக்க வேண்டும். கல் வைக்காவிட்டால் காற்று செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மழைக்காலத்தில் பலகைப்பாறையில் அப்படித்தான் காற்று அடிக்கும். துண்டு பறக்கும், டிபன் டப்பா மூடி பறக்கும். ஒருநாள் எங்களோடு நீந்த வருகிற பேச்சியக்காவின் பல்செட்டே பறந்தது என்று பிரேமா சொல்வாள். "ஏட்டி, புளுகாத" என்று பேச்சியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. பன்னெண்டு செக்இன்!" பன்னிரண்டாவது அவளுடைய சொந்தச் செருப்பு. அதன்மேலும் கல் ஏறிய பிறகுதான் எங்களில் யாரும் தண்ணீரில் கால் வைக்கலாம்.

விழிஞ்ஞத்துக்குப் போகிற வழியில், இரண்டு பாறைகளின் நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது இந்தக் கடற்கரை. ஒரு பாறை மேலே தட்டையாகப் பலகை போட்டமாதிரி இருப்பதால் பலகைப்பாறை என்று பெயர். சுற்றுலாக்காரர்கள் இங்கே வருவதில்லை. ஐஸ்கிரீம் கிடையாது, குடை கிடையாது, செல்ஃபி எடுத்தால் தலைமுடிதான் படத்தில் விழும். ஆனால் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு இந்த இடம் என்றால் உயிர். காலை ஆறிலிருந்து ஏழரைவரை பெண்கள் நேரம். ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள், ஒரு நர்ஸ், சாலைக் கடைத்தெருவில் துணிக்கடைக்குப் போகிற இரண்டு பேர், வங்கியில் வேலை பார்க்கிற நான். நாள் முழுக்க யார் யாருக்கோ ஓடுகிறவர்களுக்கு, யாரும் எதுவும் கேட்காத நேரம் அந்த ஒன்றரை மணிதான்.

அந்த நேரத்தை வாங்கித் தந்தவளும் பிரேமாதான். மூன்று வருடத்துக்கு முன் மழை தொடங்கியதும் லைஃப்கார்ட் ரெஜி விசில் ஊதிப் பெண்களைக் கரையேறச் சொன்னார். ஆண்களுக்கு அந்த விசில் இல்லை. பிரேமா ஈரம் சொட்டச் சொட்ட அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாரே, ஆம்பளைங்க எறங்குறப்ப மட்டும் கடலு லீவுல போயிருமா?"

ரெஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகப் பணிந்துவிடவில்லை. தலையைச் சொறிந்து, மலையாளத்தில் ஒரு நிபந்தனை போட்டார். "பிரேமச்சேச்சி எண்ணி, பொறுப்பு ஏற்றால் ஞான் சம்மதிக்காம். ஒரு தவணை எண்ணம் தெற்றியால், அதோட தீர்ந்து." பிரேமா எண்ணிப் பொறுப்பேற்றால் சம்மதம், எண்ணிக்கை ஒருமுறை தவறினாலும் பெண்கள் நேரம் அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தச் செருப்புக் கணக்கு. கரையேறினால் முதல் வேலை கல்லை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் செருப்பைக் காலில் மாட்டிக்கொள்வது. தலை துவட்டுவது அதற்கப்புறம். கல்லோடு ஒரு ஜோடி மிச்சமிருந்தால், ஒருத்தி இன்னும் தண்ணீரில் இருக்கிறாள். "ஒரு ரூம் இன்னும் வேக்கண்ட் ஆவல்லியே" என்று பிரேமா கடலைப் பார்த்துக் கத்துவாள்.

ஹோட்டல் பாஷை அவள் வாயில் ஒட்டியதற்குக் காரணம் அவள் பார்க்கும் வேலை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் வன்னியராஜ் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிறவர். பிரேமாவுக்குக் கடற்கரை விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை. ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. விரிப்பைக் காற்றில் ஒரே உதறு உதறினால் நான்கு மூலையும் தானாகப் போய் உட்காரும். துவாலையை மடித்து அன்னமாக்குவாள், யானையாக்குவாள், யாராவது அவளிடம் சிடுசிடுத்திருந்தால் அந்த அறையில் மட்டும் தவளையாக்குவாள். "மொகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது மேடம். பாத்ரூமப் பாத்தாப் போதும், ஆளு எப்படின்னு சொல்லிருவேன், கேட்டோ" என்பாள். என் வீட்டுக் குளியலறையை அவள் பார்த்ததில்லை.

நீச்சல் கற்றதும் அங்கேதான், ஆனால் தண்ணீரில் இறங்காமல். விடுதியின் நீச்சல்குளத்தில் ஊழியர்கள் இறங்கக் கூடாது. வலையால் சருகு அள்ளுகிற சாக்கில் இரண்டு வருடம் கரையில் நின்று, வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பார்த்து மனப்பாடம் செய்தாள். பிறகு நாற்பதாவது வயதில் பலகைப்பாறைக்கு வந்து அதை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தாள். அதனால் இன்றைக்கும் நீந்தும்போது அந்தப் பயிற்சியாளரின் கட்டளைகளைத் தனக்குத்தானே போட்டுக்கொள்வாள். நைட்டியை முழங்காலில் முடிச்சிட்டு, மேலே கணவரின் பழைய டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, அலைக்கு நடுவே "கிக், கிக், பிரீத்!" என்று கத்திக்கொண்டே போகிற ஒரு தலையை நீங்கள் பார்த்தால் அது பிரேமா.

எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். ஐம்பத்து மூன்று வயதில், முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்னார் என்று போய் நின்றேன். முதல் மூன்று வாரம் அவள் உள்ளங்கை என் முதுகுக்கடியில் இருந்தது. "ஒடம்ப விட்டுருங்க மேடம். நீங்க ஆபீஸர்னு கடலுக்குத் தெரியுமா? வெறப்பா இருந்தா முக்கிரும். பிரீத்!" ஒருநாள் காலை, கையை எப்போதோ எடுத்துவிட்டதை எனக்குச் சொல்லாமலே பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மிதந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு என்னை விட்டால் பாறைமேல் ஏறி ஆடியிருப்பேன்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது. பிரேமாவுக்கு நல்லதில்லை.

ஆடி அமாவாசை. வீட்டில் என் கணவர் சாம்பசிவன் எட்டு மணிக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும். நான் மடியாக, குளித்தபின் யார் கையும் மேலே படாமல், சமைக்க வேண்டும். அதற்காக ஒருநாள் கடலை விட எனக்கு மனசில்லை. அமாவாசைக்குச் சமுத்திர ஸ்நானம் விசேஷம்தானே, அதையே செய்துவிட்டு வருகிறேன் என்றேன். "சரி, ஸ்நானம் பண்ணிட்டு அப்படியே நேரா வந்துடு. வழியில யார் மேலயும் பட்டுக்காதே" என்றார் அவர். எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுவருகிற பேச்சு.

அமாவாசைக் கூட்டத்தில் காரைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்தில்தான் நிறுத்த முடிந்தது; பையையும் போனையும் அதிலேயே வைத்துவிட்டுச் சாவியை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். பிரேமா எண்ணினாள், பன்னிரண்டு. காற்று கண்ணில் மணலை வாரி அடித்தது. இருபது நிமிடம் நீந்தினேன். பிரேமா புதிதாக வந்த நர்ஸுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். ரெஜி பக்கத்துக் கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வந்திருந்த கூட்டத்தைக் கவனிக்கப் போயிருந்தார். நான் கரையேறினேன்.

பலகைப்பாறையில் பேச்சியக்காவும் இன்னும் மூன்று பேரும் செருப்புகளைச் சுற்றி நின்று துவட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சியக்காவுக்கு யாரையாவது தொடாமல் பேச வராது. அங்கே போனால் தோளில் கை போடுவாள், முதுகைத் துடைத்துவிடுவாள். மடி போய்விடும். ஸ்நானம் செய்த காலில் செருப்புப் போடவும் கூடாது. ஆகவே நான் எதிர்ப்பக்கத்துப் பாறையைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு, யார் கண்ணிலும் படாமல் காருக்குப் போனேன். ஆயிரம் பேர் உட்கார்ந்த கார் சீட்டில் போகாத மடி பேச்சியக்காவின் கைபட்டால் மட்டும் எப்படிப் போகும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் என்னையே கேட்கவில்லை.

தர்ப்பணம் முடிந்து, காக்கைக்கு வைத்து, இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்து, காரிலிருந்து போனை எடுத்தபோது மணி பதினொன்று. நாற்பத்தொரு அழைப்புகள். இருபத்தாறு பிரேமாவிடமிருந்து. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"மேடம்! மேடமா? எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான் இருக்கேன். என்ன ஆச்சு, பிரேமா?"

போனில் காற்று இரைந்தது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எண்டம்மோ... இருக்கீங்களா? ஒங்க செருப்பு இங்கன கெடக்கே மேடம். வச்ச கல்லு வச்சபடி கெடக்கே."

அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. அடுத்த கேள்வி என்ன என்பதும் புரிந்தது. ஏன் விட்டுட்டுப் போனீங்க என்று கேட்பாள். அதற்கு என்னிடம் இருந்த பதிலை அவளிடம் சொல்ல முடியாது.

"அது என்னோடது இல்லையே" என்றேன்.

"ஒங்களுது அல்லே?" என்று ஒரேயொரு முறை கேட்டாள். "இல்ல" என்றேன். "செரி மேடம்" என்று வைத்துவிட்டாள்.

வார் அறுந்து நீல நூலில் தைத்த பழுப்புச் செருப்பு அது. "ஆபீஸர் செருப்புல நீல நூலு!" என்று என்னைக் கேலி செய்ததே அவள்தான்.

மிச்சத்தைப் பேச்சியக்கா போனில் சொல்லிக் கேட்டேன். ஏழரைக்கு ஒரு ஜோடி மிஞ்சியதும் பிரேமா மறுபடி கடலில் குதித்திருக்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு மேல், பாறை இடுக்குகளில் மூழ்கி மூழ்கிக் கையால் தடவியிருக்கிறாள். ரெஜியும் தேடினார். விழிஞ்ஞத்திலிருந்து இரண்டு மீன்பிடி வள்ளங்கள் வந்தன. போலீஸ்காரர் ஒருவர் வந்து என் பெயர் என்ன, வீடு எங்கே என்று கேட்க, காணாமல்போனவளைப் பற்றி 'மீரான்னு பேரு, பேங்க் மேடம், கோட்டைக்குள்ள வீடு' என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் தெரியவில்லை. சிப்பி கிழித்துப் பிரேமாவின் குதிகாலில் ஐந்து தையல். அன்றைக்கு வேலைக்கும் போகவில்லை.

நான் வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் ரெஜி கேட்டிருக்கிறார்: அப்படியானால் இந்தச் செருப்பு யாருடையது, வேறு யாரோ உள்ளே இருக்கிறார்களா? வள்ளங்கள் திரும்பாமல் நின்றன. அலை கூடிக்கொண்டிருந்தது. அப்போது பிரேமா சொன்னாள்: "அது நேத்தே இங்கன கெடந்த செருப்பு சாரே. நான்தான் சேத்து எண்ணிட்டேன். தப்பு என்னோடது."

வள்ளங்கள் திரும்பின. எண்ணிக்கை தவறியதென்று ரெஜியும் சொன்ன சொல்லில் நின்றார். மறுநாள் காலை பலகைப்பாறைக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு. பெண்கள் நேரம் அத்தோடு சரி.

அதற்குப் பிறகு பதினாறு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டு வரை எண்ணத் தெரியாதவள் என்று ஆண்கள் கேலி செய்கிறார்கள் என்று ஒருத்தி எழுதினாள். நிற்க முடியாததால் பிரேமாவை அறை வேலையிலிருந்து சலவைக்கு மாற்றிவிட்டார்கள் என்று இன்னொருத்தி எழுதினாள். ஒண்ணரை மணி நேரம் போச்சே, இனி எங்க போவ என்று பேச்சியக்கா அழுதுகொண்டே குரல் பதிவு போட்டாள். நான் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பிரேமா மட்டும் எதுவும் எழுதவில்லை. ஒரே வரி எழுதி அவள் என் பெயரைக் கெடுத்திருக்கலாம்.

பதினேழாம் நாள் காலை போனேன். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். குளிக்க அனுமதி இல்லாவிட்டாலும், ஆறு மணிக்கு வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாலைந்து ஆண்கள் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தார்கள். பிரேமா என்னைப் பார்த்து, "வாங்க மேடம், முட்டி எப்படி இருக்கு?" என்றாள். நான் நேராக ரெஜியின் நாற்காலிக்குப் போனேன்.

"அந்தச் செருப்பு என்னோடது. பிரேமா எண்ணினது சரி. நான்தான் பொய் சொன்னேன்."

ரெஜி எழுந்து நின்றார். பெண்களும் எழுந்து வந்துவிட்டார்கள். அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "பின்னெ எந்தினா மேடம் அது இட்டேச்சு போயது?" ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?

பேச்சியக்கா என் தோளில் கை வைத்தாள். "மறந்துருப்பாங்க சாரே. அமாவாசை பாத்தியளா, வீட்டுல சோலி கெடந்திருக்கும். மறந்துட்டீங்க, அல்லே மேடம்?"

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

"மறக்கல" என்றேன். "அன்னிக்கு நான் மடியாப் போகணும். பாறைக்கு வந்தா நீங்க யாராவது என்னைத் தொட்டுடுவேள். அதுக்காகத்தான் அந்தப் பக்கமாப் போயிட்டேன்."

காற்று நைட்டிகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பேச்சியக்கா என் தோளிலிருந்து கையை மெதுவாக எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் தன் துண்டில் துடைத்துக்கொண்டாள். ரெஜி எங்கள் யாரையும் பார்க்காமல் போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

பிரேமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க செருப்புதான்னு அன்னைக்கே தெரியும் மேடம்" என்றாள். "ஒருத்தி தன் செருப்பயே இல்லங்குதாள்னா, வீட்டுல ஏதோ பெரிய ஆபத்துன்னு நெனச்சேன். இங்கன வாறதுக்கு ஒங்க வீட்டுக்காரரு அடிக்காருபோல, வெளிய சொன்னா கொன்னுருவாருபோலன்னு நெனச்சேன். ரெண்டு நாளு ஒறக்கம் இல்ல." குரலில் கோபம் இல்லை. "இதுக்குத்தானா?"

நான் தலை குனிந்து நின்றேன். ஐம்பத்து மூன்று வயதில், வேறு எங்கும், யார் முன்னாலும் நான் அப்படி நின்றதில்லை.

கயிறு அவிழ்ந்து விழுந்தது. ஒவ்வொருத்தராகச் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். நானும் வைத்தேன். யாரும் என் பக்கத்தில் வைக்கவில்லை.

"பேச்சியக்கா, இண்ணைக்கு நீங்க எண்ணுங்க" என்றாள் பிரேமா. "எனக்குக் கையில சோலி இருக்கு."

பேச்சியக்கா குனிந்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டு வந்ததும் பிரேமா என்னிடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆயிரம் விரிப்புகளை உதறிய பிடி. வலித்தது. நொண்டிக்கொண்டே என்னைத் தண்ணீருக்குள் நடத்திப் போனாள். இடுப்பளவு வந்தது, மார்பளவு வந்தது. பெரிய அலை ஒன்று எழும்பி, காலுக்கடியிலிருந்த மணலை இழுத்துக்கொண்டு போயிற்று. நீந்த வேண்டுமானால் இரண்டு கையும் வேண்டும். "பிரீத்!" என்றாள் பிரேமா. கையை விடவில்லை.